கிட்டாரின் பளபளப்பும் தொழிலாளியின் மூக்கும்

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

உங்க வீட்டுல எலக்ட்ரிக் கிட்டார் இருந்தா, அதோட பிரிட்ஜையும் பிக்கப் மேல இருக்கிற உலோக மூடியையும் ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. சில கிட்டார்ல லேசா நீலம் கலந்த வெள்ளையா, கண்ணாடி மாதிரி மின்னும். அது குரோமியம். சிலதுல பால் ஆடை படிஞ்ச மாதிரி மங்கி, கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கும். அது நிக்கல். மங்கினதைப் பார்த்ததும் நம்ம கை தானா பாலிஷ் டப்பாவைத் தேடும். தேய்க்கறதுக்கு முன்னாடி, மங்காத உலோகம் கிட்டாருக்கு எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம்.

நிக்கல் முலாம் பூசுறதை அமெரிக்காவில் பெரிய தொழிலாக்கியவர் ஐசக் ஆடம்ஸ். 1869-ல் காப்புரிமை வாங்கினார். இவர் படிச்சது மருத்துவம்! நம்ம ஆளுங்க எங்கெல்லாம் போயிருக்காங்க பாருங்க.

1950-களில் கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார்களில் உலோக பாகங்கள் பெரும்பாலும் நிக்கல் முலாம்தான். புதுசுல வெள்ளி மாதிரி இருக்கும். வாசிக்க வாசிக்க மங்கும். காரணம் நம்ம வியர்வை. அதுல உப்பு இருக்கு, லாக்டிக் அமிலம் இருக்கு. ரெண்டும் சேர்ந்து நிக்கலை மெதுவா அரிக்கும். முலாம் தேஞ்ச இடத்துல அடியில இருக்கிற பித்தளை வெளிய வந்தா பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இங்க ஒரு கிளைக்கதை. அயர்லாந்து கலைஞர் ரோரி கேலகர் 1963-ல் வாங்கின ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்ல, காலப்போக்கில் பெயின்ட் பெரும்பாலும் உரிஞ்சு வெறும் மரம்தான் தெரிஞ்சது. அவருக்கு அபூர்வ ரத்த வகை, அதனால வியர்வையில அமிலம் ஜாஸ்தின்னு ரசிகர்கள் இன்னிக்கும் சொல்வாங்க. ரத்த வகைக்கும் வியர்வையின் அமிலத்தன்மைக்கும் சம்பந்தம் கிடையாதுங்க. மனுஷன் மேடையில வியர்த்துக் கொட்ட வாசிச்சார், அவ்வளவுதான்.

1965 வாக்கில் கிப்சன் நிக்கலிலிருந்து குரோமியத்துக்கு மாறியது. கார் பம்பர்ல இருந்து சமையலறை வரைக்கும் அமெரிக்காவே குரோமியத்துல மின்னின காலம் அது. குரோமியம் காற்று பட்டதும் தன் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கும். அதனால சுலபத்துல மங்காது. அலங்கார குரோமியப் பூச்சு பெரும்பாலும் அரை மைக்ரானைக்கூடத் தாண்டாது. தலைமுடியின் தடிமனில் நூத்துல ஒரு பங்கு தேறாது. அடியில இருக்கிறது அதே பழைய நிக்கல்தான்!

இந்த மெல்லிய தோலை எப்படிப் பூசுறாங்க? குரோமிக் அமிலத் தொட்டியில் பொருளை முக்கி மின்சாரம் பாய்ச்சணும். ஆனா மின்சாரத்தில் பெரும்பகுதி உலோகத்தைப் படிய வைக்காது, தண்ணீரைப் பிரிச்சு வாயுக் குமிழிகளைத்தான் உண்டாக்கும். அந்தக் குமிழிகள் மேல வந்து வெடிக்கும்போது அமிலம் பனி மாதிரி காற்றில் பறக்கும். அதில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம். தொட்டி பக்கத்தில் நிக்கிறவர் அதைத்தான் மூச்சோட இழுப்பார்.

மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு. அதுக்குன்னு தனியா ரத்தக்குழாய் கிடையாது, மேல மூடியிருக்கிற சவ்வுதான் அதுக்குச் சோறு போடுது. குரோமியம் அந்தச் சவ்வை அரிச்சுப் புண்ணாக்கும். ரெண்டு பக்கமும் சவ்வு போனா குருத்தெலும்பு பட்டினியில செத்து, ஓட்டை விழும். இதுல கொடுமை என்னன்னா, பல பேருக்கு வலியே இருக்காது. பொருக்கு தட்டும், எப்பவாவது ரத்தம் கசியும், மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும். யாராவது விளக்கு அடிச்சுப் பார்த்தாதான் தெரியும்.

குரோமிய முலாம் வணிகத்துக்கு வந்தது 1920-களில். ஆனா குரோமியம் மனுஷனை அரிக்கும்னு அதுக்கு 100 வருஷம் முன்னாடியே தெரியும். 1827-லேயே கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் கியூமின், சாயத் தொழிலாளிகளின் கைகளில் பைக்ரோமேட்டால் வந்த ஆழமான புண்களைப் பதிவு செய்துட்டார். 1890-ல் அதே ஊரின் டேவிட் நியூமன், குரோமிய நிறமித் தொழிலாளி ஒருத்தரின் மூக்கில் புற்றுநோயைப் பதிவு செய்தார். கிளாஸ்கோ பக்கத்தில் ஒயிட் குடும்பத்தின் பெரிய குரோமேட் ஆலை இருந்தது. அதன் முதலாளி ஓவர்டவுன் பிரபு, ஞாயிறு ஓய்வுநாளின் புனிதத்துக்காக ஊரறியக் குரல் கொடுத்த கொடைவள்ளல். அவர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. 1899-ல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி அங்கத்திய நிலைமையைத் துண்டுப் பிரசுரமா போட்டு உடைச்சார். ஆலை 1967-ல் மூடியாச்சு, ஆனா கழிவு அந்தப் பகுதி மண்ணுக்குள்ள இருந்து தொந்தரவு பண்ணிட்டே இருக்கு. இராணிப்பேட்டைக்காரங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

முலாம் பட்டறைகளுக்கு வருவோம். 1928-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வு, முலாம் தொழிலாளிகளின் மூக்கில் இதே புண்ணையும் ஓட்டையையும் பதிவு செய்தது. தீர்வு ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. தொட்டி விளிம்பிலேயே பனியை உறிஞ்சி வெளியேத்துற அமைப்பு, கையுறை, அடிக்கடி மூக்குப் பரிசோதனை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-ல் ஆறு இணைதிற குரோமியத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்தது. கிட்டார் வாசிக்கிறவங்க பயப்பட வேண்டாம். பூசி முடிச்சதும் அது வெறும் உலோகக் குரோமியம், அதைத் தொடுறதால இந்த ஆபத்து இல்ல. ஆபத்து முழுக்கப் பட்டறையில நின்ன ஆளுக்குத்தான்.

நிக்கலும் பரம சாது இல்ல. முலாம் பட்டறைக்காரங்களுக்கு வர்ற நிக்கல் அரிப்பு 19-ம் நூற்றாண்டிலேயே தெரிஞ்ச விஷயம். கவரிங் நகை போட்டா அரிக்கிறவங்களுக்குக் கிட்டார் கம்பியிலும் பாகங்களிலும் இருக்கிற நிக்கலே விரல் நுனியில வெடிப்பா வரலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, 1995-ல் ஃபெண்டர் கம்பெனி புது கிட்டாரையே பழசு மாதிரி தேய்ச்சு, உலோகத்தை மங்க வெச்சு விக்க ஆரம்பிச்சது. மங்காத உலோகத்துக்கு மூக்கைக் கொடுத்த உலகம், மங்கினதுக்குக் கூடுதல் காசு கொடுத்துச்சு.

சரி, துடைக்கிற விஷயம். வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த மென்துணியால துடைச்சாலே பாதி வேலை முடிஞ்சது. நிக்கல் மங்கலுக்கு மென்மையான உலோகப் பாலிஷ் துளி போதும், ஓவரா தேய்ச்சா முலாமே போயிடும். குரோமியத்துல புள்ளி புள்ளியா துரு வந்திருந்தா பூச்சு அங்க ஓட்டையாயிடுச்சுன்னு அர்த்தம், எந்தப் பாலிஷும் அதை மூடாது. பிக்கப் பக்கத்துல ஸ்டீல் உல் வேண்டவே வேண்டாம், உள்ள இருக்கிற காந்தம் தூளை எல்லாம் இழுத்துக்கும். குத்துவிளக்கு நினைப்புல புளியைக் கரைச்சுட்டு வந்துடாதீங்க, புளியோட அமிலம் முலாமுக்கு ஆகாது. நிக்கல் அலர்ஜி இருந்தா கையுறை போட்டுத் துடைங்க. பழைய விலையுயர்ந்த கிட்டாரா இருந்தா பாலிஷ் டப்பாவை மூடி வெச்சுட்டு, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட முதல்ல காட்டுங்க.