பால் கேன் மாட்டலாமா? பழைய வண்டிகளின் கதை

பழைய பைக் தேடி ஊர்ப்பக்கம் வர்ற டவுன் பசங்க கேக்குறது பெரும்பாலும் ரெண்டே பேருதான். ஒண்ணு ஆர்எக்ஸ் 100, இன்னொண்ணு யெஸ்டி. கட்டுத்தரை ஓரத்துல கோழி அடைஞ்சு கிடந்த வண்டிக்கு அவங்க சொல்ற விலையைக் கேட்டு வண்டிக்காரரே வாயடைச்சுப் போயிடறார். கிராமத்தையே மாத்தின வண்டிகள் இவைதான்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு. அது சரியில்லைங்க. எங்க வீட்டுக்கு இப்ப இன்னொரு வண்டி தேவைப்படுது. தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் போகத்தான், ஊர் சுத்த இல்லை. அதனால பழைய மாடல்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். பால் கேன் மாட்டிப் பார்த்தா வண்டிகளோட சரித்திரமே வேற மாதிரி தெரியுது.

முதல்ல புல்லட். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து கம்பெனியோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூர்ல வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. அங்கே தாய்க் கம்பெனி மூடின பிறகும் இங்கே உற்பத்தி நிக்கலை. கிராமத்துல புல்லட் வச்சிருந்தவர் யாருன்னா ரைஸ் மில் முதலாளி, பஞ்சாயத்துத் தலைவர், போலீஸ்காரர். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடிச்சு, கிக்கரைப் பதமா இறக்கணும். பதம் தப்பினா கணுக்கால் போச்சு. அது கவுரவத்துக்கு வச்ச வண்டி. அதுல தட்டுக்கட்டு ஏத்தி நான் பார்த்ததில்லை.

ஜாவா அப்படியில்லை. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1961ல் உற்பத்தியைத் தொடங்கினது. சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் மலை ஏறி இறங்கினா மைசூர் சீமைதானே, எங்க பக்கத்துக்கு அது கிட்டத்தட்ட உள்ளூர் வண்டி. பிறகு அதுவே யெஸ்டி ஆச்சு. கிக்கரும் கியரும் ஒரே கம்பி, ரெண்டு சைலன்சர், 250 சிசி. மேடு பள்ளம் எதுக்கும் அசராது. ஆனா பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலும் கலந்து ஊத்தணும். வடக்கே இதே காலத்துல எஸ்கார்ட்ஸ்காரங்க போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியைப் பார்த்துச் செஞ்ச ராஜ்தூத், பால்காரர் வண்டின்னே பேர் வாங்கிச்சு. ரெண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு அவங்க போனாங்க. நம்ம பக்கம் பால்காரர் அப்பவும் சைக்கிள்தான்.

அந்த சைக்கிளை ஓரங்கட்டினது எதுன்னு நினைக்கிறீங்க? 1980ல் ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50. ரெண்டு பேர் உட்காரலாம்னு இந்தியாவுல வந்த முதல் மொபெட் அது. கியர் இல்லை. மெக்கானிக் வேணும்னு கட்டாயம் இல்லை, பிளக்கைக் கழட்டித் துடைச்சா பாதி வியாதி தீர்ந்துடும். முன்னால கால் வைக்கிற இடம் காலியா இருக்கும். அந்தக் காலி இடம்தான் விஷயமே. பருத்திக்கொட்டை மூட்டை, மருந்து டப்பா, கேஸ் சிலிண்டர், ஆட்டுக்குட்டி எல்லாம் அங்கேதான் பயணம் பண்ணிச்சு. சேலை கட்டின பொம்பளைங்க யாரையும் எதிர்பார்க்காம சந்தைக்குப் போய்வந்ததும் இதுலதான். இதைப் பத்தி யாரும் சினிமாவுல ஹீரோயிசம் பண்ணலை. நகரத்துல கேலிகூடப் பண்ணாங்க. அதோட வாரிசான எக்ஸெல், 2015ல் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறி இன்னிக்கும் எல்லாத் தோட்டத்து வாசல்லயும் நிக்குது.

எண்பதுகளோட நடுவுல ஜப்பான் அலை. 1984ல் ஓசூர்லயே இந்த்-சுசூகி, 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து பஜாஜ் கவாசாகி. எல்லாம் 100 சிசிதான். ஆனா சிடி 100 மட்டும் நாலு ஸ்ட்ரோக். வித்தியாசத்தை எங்க பாஷையில சொல்றேன். ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், கடைமடையை அடைக்காம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மாதிரி. புதுசா உள்ள வர்ற பெட்ரோல்ல கொஞ்சம் எரியாமலே புகைக்குழாய் வழியா வெளியே போயிடும். நாலு ஸ்ட்ரோக்ல மடையை அடைச்ச பிறகுதான் பாய்ச்சல். அதனாலதான் ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன்ல சீறிப் பாஞ்சது, 97.2 சிசி சிடி 100 பாஞ்சதும் இல்லை, பெட்ரோல் பங்க்ல அதிகம் நின்னதும் இல்லை. ஊத்து, மூடு, மறந்துடுன்னு விளம்பரம் பண்ணாங்க. மறக்கத்தான் செஞ்சோம். 1994ல் வந்த ஸ்ப்ளெண்டர்லயும் அதே 97.2 சிசிதான். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996ல் நின்னது. மைசூர் கம்பெனி மூடினதும் அதே வருஷம்.

விவசாயிக்குன்னே பொறந்த ஒரு வண்டியை நகரத்து ஆட்கள் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. டீசல் புல்லட். தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜினை எடுத்துப் பழைய புல்லட் சட்டத்துல மாட்டுற வேலை பட்டறைகள்ல ஏற்கெனவே நடந்துட்டு இருந்தது. கம்பெனியே தொண்ணூறுகள்ல 325 சிசி டீசல் இன்ஜின் வச்சு டாரஸ்னு ஒரு வண்டியை இறக்கினது. வெறும் 6.5 குதிரைத்திறன். பின்னால ஸ்ப்ளெண்டர் ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான். ஆனா டீசல் அப்ப பெட்ரோலைவிட ரொம்பச் சல்லிசு, லிட்டருக்கு ஓட்டமும் அதிகம். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவரே வண்டியையும் பார்த்துடுவார். பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கினா கை மட்டும் அரைமணி நேரம் நடுங்கிட்டே இருக்கும்! மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகினதும் அதுக்கும் முடிவு வந்துடுச்சு.

இப்ப கணக்குக்கு வருவோம். டாரஸ் ஒண்ணு கிடைச்சா எனக்கு ஆசைதான், ஆனா உதிரி பாகத்துக்கு எங்கே போறது? ஆர்எக்ஸ் வேண்டவே வேண்டாம், அந்த விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். யெஸ்டி என் முழங்காலுக்கு ஒத்துவராது. மிச்சம் இருக்கிறது ஒரு பழைய ஸ்ப்ளெண்டரும் ஒரு எக்ஸெலும். ஸ்ப்ளெண்டர்னா பையனும் எடுத்துட்டுப் போவான், எக்ஸெல்னா அவன் தொடமாட்டான், அந்தவகையில அது பத்திரம். வீட்டுக்காரம்மா எக்ஸெல் பக்கம்தான். அவங்க ஓட்ட முடியும்னா சொசைட்டிக்கு நான் காலையில எந்திரிக்க வேண்டியதில்லையேன்னு நான் சொல்லலை, அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க.

ஊர்ப்பக்கம் வண்டி வாங்க வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பெயின்டைப் பார்க்காதீங்க, முதல்ல ஆர்சி புத்தகத்தைக் கேளுங்க. பதினஞ்சு வருஷம் ஆன வண்டிக்குப் பதிவைப் புதுப்பிச்சிருக்கணும், பசுமை வரி கட்டியிருக்கணும். ஆர்சியில இருக்கிற பேரு பல நேரம் விக்கிறவரோட தாத்தா பேரா இருக்கும். சேசிஸ் நம்பரை உங்க கையால தேய்ச்சுப் பாருங்க. கட்டுத்தரையில நின்ன வண்டியில கோமியம் பட்டுப் பட்டு அடிச்சட்டம் அரிச்சிருக்கும், சீட்டைக் கழட்டினாத்தான் அது தெரியும்.