செந்நாயும் நீலகிரி வேட்டைக்காரரும்

மேலைநாட்டு வேட்டைக்காரர் ஓநாயை வெறுத்தவாறே, நீலகிரியில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் செந்நாயை வெறுத்தனர். சங்கப் புலவர் பாலைத்திணையில் பாடிய செந்நாய்தான் அது. தீபகற்ப மலேசியாவின் காடுகளிலும் அருகி வாழ்கிறது.

1877இல் அவ்வேட்டைக்காரர் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். வரையாடும் கடமானும் குறைந்துவருவது அவர்தம் கவலை. 1879இல் நீலகிரிக்கென வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. உரிமமின்றிச் சுடலாகாது, தடைப்பருவத்தில் சுடலாகாது. நல்ல ஏற்பாடே. ஆயினும், மானைக் காக்க எழுந்த அதே சங்கம் செந்நாயைக் கொன்றோர்க்குப் பரிசுப்பணம் வழங்கியது.

செந்நாய் கூட்டமாய்த் துரத்தும். இரையின் உயிர் நீங்குமுன்னரே தின்னத் தொடங்கும். கண்டோர் அருவருத்தனர். செந்நாய் புகுந்த காட்டில் மான் தங்காது என்பதும் அவர்தம் துணிபு. மான்கள் வெருண்டு ஒதுங்குவது உண்டு. ஒதுங்கியதை அழிந்ததாகக் கொண்டதே பிழை. தம் துப்பாக்கிகளையும், தோட்டங்களுக்காக அழிந்த சோலைகளையும் புல்வெளிகளையும் விட்டுவிட்டுச் செந்நாயின் பெயரில் மட்டும் பற்றெழுதிய கணக்கு அது! துப்பாக்கி வருமுன் பன்னெடுங்காலம் மானும் செந்நாயும் அம்மலையிலேயே வாழ்ந்தன அல்லவா?

பரிசுக்காகக் கொல்லும் வழக்கம் 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஓய்ந்தது. பின்னர், 1976 முதல் 1978 வரை, திருநெல்வேலிச் சீமையினரான ஏ.ஜே.டி. ஜான்சிங், நீலகிரிக்கு வடக்கே பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அவற்றின் முதன்மை இரை புள்ளிமானே. புலியும் சிறுத்தையும் செந்நாயும் ஒருங்கே வேட்டையாடிய அக்காட்டில் புள்ளிமான் மிகுந்தே இருந்தது. செந்நாயோ, உலகில் முதிர்ந்தவை 2,500க்கும் குறைவு என்னுமளவுக்கு அருகிவிட்டது.