கொழுந்து வாடிய மாடிகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் எழுந்து நிற்பது ஹந்தானை மலை. கண்டி நகரிலிருந்து அதில் ஏறும் பாதையோரம், 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். உள்ளே நீண்டு கிடக்கும் விசாலமான தளங்கள். நியூயோர்க்கில் ‘லொஃப்ட்’ என்று பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்களே, அந்த வீட்டுக்குரிய இலட்சணம் அத்தனையும் இதற்கு உண்டு. குடியிருக்கத்தான் ஆளில்லை.

நியூயோர்க்கின் சோஹோவில் பட்டறைகள் இடம்பெயர்ந்தபின் காலியான மாடிகளுக்குள் 1960களில் ஓவியர்கள் புகுந்தார்கள். பெரிய படம் தீட்ட உயரமான கூரையும் பகல் வெளிச்சமும் வேண்டும், வாடகையோ சொற்பம். சட்டப்படி அங்கே குடியிருக்க முடியாது. 1971இல்தான் நகர நிர்வாகம் கலைஞர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. பிறகு பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, ஓவியர்கள் பலர் மூட்டை கட்டினார்கள்.

கண்டி மலைகளில் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. இங்கே முதலில் வீடுதான் தொழிற்சாலை. பேராதனைப் பூங்காவில் 1824இலேயே சீனத் தேயிலைச் செடி நட்டிருந்தாலும், அதைத் தோட்டப் பயிராக்கியவர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட அவர், தன் பங்களா வராந்தாவிலேயே கொழுந்தை மேசையில் போட்டுக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியதும் தேயிலை மலையெங்கும் பரவியது. வராந்தா போதவில்லை.

பறித்த கொழுந்தை அப்படியே உருட்டினால் நொறுங்கிவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்வரை மெல்லியதாகப் பரப்பி வாட்டி, ஈரத்தில் பாதியளவு போக்க வேண்டும். அதற்குத் தேவை இடம், காற்று. சரிவான மலையில் சமதரை ஏது? ஆகவே கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. மேல்மாடிகளில் சணல் துணித் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டி, அவற்றில் கொழுந்தைத் தூவினார்கள். வெயில் நாளில் சன்னலைத் திறந்தால் போதும். மழை நாளில் கீழே உலர்த்தும் எந்திரத்தின் சூடான காற்றைப் பெரிய விசிறிகள் மேலே இழுத்தன. வாடிய கொழுந்து உருட்டவும் புளிக்கவைக்கவும் உலர்த்தவும் கீழே இறங்கும். இன்று கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த விசாலம் முழுக்க இலைக்காகக் கட்டியது, மனிதருக்காக அல்ல.

மனிதருக்குக் கிடைத்தது லயம் என்ற வரிசைக் குடியிருப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. அதற்குள் ஒரு குடும்பம். பகலெல்லாம் ‘ஸ்டோர்’ எனப்பட்ட தொழிற்சாலையில் கொழுந்து உதறியவர் இரவில் அங்கேதான் கால் நீட்ட வேண்டும். லொஃப்ட் அழகைப் புகழும் எழுத்துகளில் இந்தக் கணக்கு வருவதில்லை.

அடியிலிருந்து விசிறிக் காற்று ஊதும் நீண்ட தொட்டிகள் வந்தபின், கொழுந்தைக் கனமாகப் பரப்ப முடிந்தது. மேல்மாடிகளின் அவசியம் குறைந்தது. தொழிற்சாலைகள் சில மூடப்பட்டும் போயின. நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை, கட்டடக் கலைஞர் நிஹால் போதிநாயக்கவின் வடிவமைப்பில், எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாடிய மாடிகள் படுக்கையறைகளாயின. வெளித்தோற்றத்தையும் பழைய எந்திரத்தையும் கலைக்காமல் விட்டதுதான் கெட்டிக்காரத்தனம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஹந்தானைக் கட்டடம் 2001இல் தேயிலை நூதனசாலையானது. கீழே பழைய எந்திரங்கள், மேலே டெய்லரின் பொருட்கள், உச்சியில் தேநீர்க்கடை.

ஹோட்டலும் நூதனசாலையும் ஆனவை ஏன் வீடாகவில்லை? தூரம் ஒரு காரணம். பெரிய காரணம் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் அவற்றுக்கு நீண்டகாலக் குத்தகை கிடைத்தது. காணி இன்னும் அரசினுடையது. எனவே கண்டியில் லொஃப்ட் தேடுகிறவர், தொழிற்சாலை மாடியொன்றைத் தொடர்மாடி வீடு மாதிரி உறுதி எழுதி வாங்கிவிட முடியாது. லயத்தில் தலைமுறைகளாக இருந்தவர்களுக்கும் அதே நிலைதான். அண்மைய வீடமைப்புத் திட்டங்களில்தான் அவர்களில் சிலருக்கு ஏழு பேர்ச் காணியும் அதில் 550 சதுர அடி வீடும் கிடைக்கத் தொடங்கின.