மீன் தொட்டியில் தோட்டத்து மண்ணைப் போடலாமா? செடியும் மீனும் பிழைக்க மண்ணைத் தயார் செய்வது எப்படி?

புதுசா ஒரு மீன் தொட்டி வாங்கி, அடியில் மண் போட்டு, செடி நட்டு, அன்றைக்கே மீனையும் விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் சில நாட்களில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். 'கடையில நோய் பிடிச்ச மீனைக் கொடுத்துட்டாங்க' என்று நினைப்போம். ஆனால் பல நேரங்களில் பிரச்னை மீனில் இல்லை, அடியில் கொட்டிய மண்ணில்தான் இருக்கிறது.

மண் போட்ட தொட்டி எப்படி வேலை செய்கிறது?

அடியில் மண், அதன் மேல் சிறு கல் அடுக்கு, நிறைய நீர்ச்செடிகள், அளவாக மீன்கள். இதுதான் இயற்கை முறை மீன் தொட்டி. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டயானா வால்ஸ்டாட் 1999-ல் வெளியிட்ட 'எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' புத்தகத்துக்குப் பிறகு, இது 'வால்ஸ்டாட் முறை' என்ற பெயரில் பிரபலமானது.

மீன் கழிவு செடிக்கு உரமாகிறது. மண்ணில் உள்ள மக்குகள் சிதையும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் செடிக்குப் போகிறது. அதனால் தனியாக கேஸ் சிலிண்டர் தேவையில்லை. விலை அதிகமான அக்வா சாயில் வாங்க வேண்டியதும் இல்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே?

மண்ணில் இலை, வேர், எரு என மக்கக்கூடிய பொருட்கள் இருக்கும். தண்ணீரில் மூழ்கியதும் இவை அழுகி அம்மோனியாவை வெளியிடும். இது மீனின் செவுள்களைப் பாதிக்கும். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரும் நம்ம ஊர் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த மண் எடுக்கலாம்?

* உரமோ பூச்சி மருந்தோ சமீபத்தில் போடாத தோட்டத்து மேல்மண், செம்மண், வண்டல் மண் ஆகியவை நல்லது.
* கொஞ்சம் களிமண் கலந்திருந்தால் நல்லது. செடிக்குத் தேவையான சத்துக்களை அது பிடித்து வைக்கும். செம்மண்ணில் இரும்புச்சத்தும் உண்டு.
* நர்சரி பாட்டிங் மிக்ஸ் வேண்டாம். அதில் இருக்கும் தென்னை நார்க்கழிவு மிதக்கும். மண்புழு உரமும் புண்ணாக்கும் அம்மோனியாவைக் கூட்டும்.
* கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்: காய்ந்த மண்ணில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண் தண்ணீரைக் கடினமாக்கும். மேலே போடும் கல்லையும் இப்படியே சோதிக்கலாம்.

மண்ணைத் தயார் செய்யும் முறை

1. மண்ணைச் சலித்து கல், வேர், குச்சிகளை நீக்குங்கள்.
2. ஒரு பக்கெட்டில் போட்டு தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். மிதக்கும் குப்பையை அள்ளிக் கொட்டுங்கள். மண் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் ஓரளவு தெளியும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.
3. தார்பாயில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காய வையுங்கள்.
4. காய்ந்ததும் கட்டிகளை உடைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காய வையுங்கள். இப்படி 3 அல்லது 4 முறை செய்யலாம்.

ஏன் இத்தனை முறை? ஈரமும் காற்றும் கிடைக்கும்போது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மக்குகளைச் சிதைக்கும். அதாவது, தொட்டிக்குள் நடக்க வேண்டிய அழுகலில் பெரும்பகுதி வெளியிலேயே முடிந்துவிடும். நேரமில்லாதவர்கள் 2-வது படியோடு நிறுத்தி நேராகவும் மண்ணைப் போடலாம். ஆனால் அப்போது முதல் நாளே செடிகளை நெருக்கமாக நட வேண்டும், மீன் விட இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு மண் போட வேண்டும்?

மண் 1 அங்குலம், மேலே கல் 1 அங்குலம். இது போதும். 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள தொட்டிக்கு சுமார் 4.5 லிட்டர் மண்ணும் அதே அளவு கல்லும் தேவைப்படும். மண் அடுக்கு ரொம்ப கனமானால் உள்ளே ஆக்சிஜன் போகாமல் அழுகும்.

கல் 2 முதல் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். பெரிய கல் போட்டால் இடுக்கு வழியாக மண் கிளம்பித் தண்ணீர் கலங்கும். மாவு போன்ற மணல் போட்டால் காற்றோட்டம் அடைபடும். தண்ணீர் நிரப்பும்போது கல் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள்.

தரையின் பெரும்பகுதியை மூடும் அளவுக்கு வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற வேகமாக வளரும் செடிகளை நடுங்கள். இவை அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும்.

மீனை எப்போது விடலாம்?

நல்ல பாக்டீரியாக்கள் பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நைட்ரைட்டும் மீனுக்கு ஆபத்துதான். அதனால் நாள் கணக்கை மட்டும் நம்பாமல், மீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகே 2 அல்லது 3 சிறிய மீன்களை விடுங்கள். அதுவரை தண்ணீரை அவ்வப்போது பாதியளவு மாற்றலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், குளோரின் நீக்கி கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

அடியிலிருந்து குமிழி வந்தால்?

பயப்பட வேண்டாம். மண்ணில் சிதைவு நடக்கும்போது வாயு வருவது சகஜம். ஆனால் அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது என்று பொருள். மெல்லிய குச்சியால் அங்கங்கே லேசாகக் குத்திவிட்டு, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். செடிகளின் வேர் பரவப் பரவ, அவை விடும் ஆக்சிஜனால் இந்தத் தொல்லையும் குறையும்.

மொத்தத்தில், மண்ணுக்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. தேவை பொறுமைதான். மீனில்லாத வெறும் செடித் தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தால், பிறகு விடும் மீன்கள் பிழைக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும்.