கட்டையில் பதிந்த வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் 1794-இல் நிறுவப்பெற்ற அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை, 1968-இல் மூடப்பெற்றது. இன்று அது காட்சிசாலை. அங்கே துப்பாக்கிக் கட்டைகளுக்கு அக்ரூட் மரத்தையே பெரிதும் கையாண்டனர். அது வலியது, ஆயினும் மிகுந்த கனமற்றது, நன்கு உலர்ந்தபின் எளிதிற் கோணாதது. 1819-இல் தாமஸ் பிளாஞ்சார்டு அமைத்த கடைசல் எந்திரம், மாதிரிக் கட்டையின் மேடுபள்ளங்களைத் தடவிச் சென்று, அதே வடிவைப் புதுக்கட்டையிலும் செதுக்கிற்று.

பிற்காலத்துக் கட்டைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டினர். அது நீர்போல் ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மரத்தினுள் இறுகுவது. துப்பாக்கியைச் சோதித்து ஏற்ற அதிகாரியின் பெயரெழுத்துகளும் கட்டையில் முத்திரையாகப் பதிந்தன.

இத்தகைய பழங்கட்டை கைக்குக் கிடைத்தால் பலர் செய்வது யாது? உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் ஏற்றி, மீண்டும் எண்ணெய் பூசுகின்றனர். மெருகு வந்துவிடுகிறது, ஆனால் முத்திரை மங்கிவிடுகிறது. வீரர்களின் கைபட்டு உண்டான தேய்மானமும் மறைகிறது. சாயத்தை மாற்றலாம், எண்ணெயை மீண்டும் ஊட்டலாம், தேய்த்துப் போக்கிய மரத்தை மீட்க ஒருவராலும் இயலாது.

மாணவர்களே, கல்வெட்டும் ஓலையும் மட்டுமே சான்றுகள் அல்ல. பழம்பொருளின் அழுக்கைத் துடையுங்கள்; அதன் வயதைத் துடைத்துவிடாதீர்கள்.