நாற்று நட்டவள் யார்?

2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் உழைப்பாளராகப் பதிவான பெண்கள் நூற்றுக்கு 14 பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 32 பேர். இந்த வேறுபாட்டுக்குப் பலரும் பயிரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கோதுமை வயலில் ஏர் முக்கியம், ஏர் ஆணின் கையில். நெல்லுக்கு நடவும் களையெடுப்பும் வேண்டும், அவை பெண்களின் வேலை. பெண்ணின் உழைப்பு தேவைப்படும் மண்ணில் அவளுக்கு மதிப்பும் கூடும் என்று அந்த விளக்கம் முடியும். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன்.

என் நம்பிக்கையைக் குலைத்தது மேற்கு வங்கம். அங்கும் நெல்தான் முக்கியப் பயிர். ஆனால் அதே கணக்கெடுப்பில் அங்கு பெண்களின் விகிதம் 18தான். வயலில் இறங்குவது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்று நிலமுள்ள சாதியினர் தங்கள் பெண்களை வீட்டோடு நிறுத்தினர். பர்த்வான் வயல்களில் நடவு நட, புருலியா போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து சந்தால் பழங்குடிப் பெண்களும் ஆண்களும் கூலிக்கு வந்தனர். பயிர் வேலையை உண்டாக்கியது. அதை யார் செய்வது என்பதைச் சாதியும் நிலவுடைமையும் முடிவு செய்தன.

இதைப் புரிந்துகொண்ட பிறகு தஞ்சையும் எனக்கு வேறாகத் தெரிந்தது. காவிரி பாயும் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. அந்த வயல்களில் நாற்று நட்டவர்களில் பெரும்பாலோர் சேரிப் பெண்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்தனர். கூலிப் போராட்டம் முற்றிய நிலையில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பெண்ணுழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்ட மண் அது. அங்கே அவளுக்குக் கிடைத்த மதிப்பு இதுதான்.

கணக்கெடுப்பையும் அப்படியே நம்ப முடியாது. 1971இல் ஒருவரின் முதன்மையான வேலை எது என்று கேட்டார்கள். மாடு பார்த்து, களையெடுத்து, கதிரடித்த பெண்கள் பலர் ‘வீட்டு வேலை’ என்ற கட்டத்துக்குள் போனார்கள். 1961இல் இருந்த பெண் உழைப்பாளர் எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெண்கள் வேலையை விட்டுவிடவில்லை, கேள்விதான் மாறியிருந்தது.

ஆகவே, ஒரு வட்டாரத்தில் பெண்ணுழைப்பு அதிகம் என்று படிக்கும்போது அதை உடனே விடுதலையின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கூலியை யார் தீர்மானிக்கிறார்கள், எந்த வேலை கணக்கில் வரவில்லை என்றும் கேளுங்கள்.