உகந்த சோதனை வடிவமைப்பில் கூடுதல் ஓட்டங்கள்

காரணிகளைக் குறித்த நிலைகளில் வைத்து ஒருமுறை பரிசோதனை நடத்தி விளைவை அளப்பது ஓர் ஓட்டம். கணித மாதிரியின் கெழுக்களைக் குறைந்த ஓட்டங்களில் இயன்ற அளவு துல்லியமாக மதிப்பிடத் திட்டமிடுவது உகந்த வடிவமைப்பு எனப்படும். நடத்தி முடித்த ஓட்டங்களின் தரவைக் கைவிடாமல், அதற்குத் துணையாகப் புதிய ஓட்டங்களைத் தேர்ந்து சேர்க்கும் முறையே வடிவமைப்பு விரிவாக்கம். முதற்கட்ட முடிவுகள் தெளிவில்லாதபோதும், சில ஓட்டங்கள் கெட்டுப்போனபோதும், மாதிரியில் புதிய உறுப்புகள் தேவைப்படும்போதும் இம்முறை கையாளப்படுகிறது.

தோற்றம்

டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டினெ ஸ்மித், ஆறாம் படி வரையிலான பல்லுறுப்புக் கோவைகளுக்கு அளவீடுகளை எங்கெங்கே எடுக்க வேண்டும் என்பதை 1918-இல் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் ஆராய்ந்தார். கெழுக்களின் துல்லியத்தைத் தொகுத்துக் காட்டும் தகவல் அணியின் அணிக்கோவை மதிப்பைக் கொண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும் வழியை ஆபிரகாம் வால்ட் 1943-இல் முன்வைத்தார். அவரது அளவுகோலுக்கு ‘டி-உகப்பு’ என்று பெயரிட்டவர் ஜாக் கீஃபர். அணிக்கோவையைப் பெரிதாக்கும் வடிவமைப்பே கணிப்பின் மிகப் பெரிய பரவற்படியையும் சிறிதாக்கும் என்று கீஃபரும் ஜேக்கப் வுல்ஃபோவிட்சும் 1960-இல் நிறுவினர்.

ஓட்டங்களைப் படிப்படியாகச் சேர்க்கும் வழக்கம் வேதித் தொழிலில் வேரூன்றியது. 1951-இல் பாக்ஸ், வில்சன் இருவரும் வெளியிட்ட கட்டுரை, காரணிச் சோதனையில் தொடங்கி, தேவை எழும்போது ஒரு காரணியை மட்டும் மாற்றும் அச்சுப் புள்ளிகளையும் எல்லாக் காரணிகளும் நடுநிலையில் உள்ள மையப் புள்ளிகளையும் சேர்த்து இருபடி மாதிரிக்கு முன்னேறும் வழியைக் காட்டியது.

செயல்படும் விதம்

புதிய ஓட்டம் ஒன்று சேரும்போது அணிக்கோவை எத்தனை மடங்காகும் என்பதை, அந்தப் புள்ளியில் இதுவரையுள்ள கணிப்பின் பரவற்படியே தீர்மானிக்கிறது. ஆகவே நமக்கு எங்கே அறிவு குறைவோ, அங்கே அளப்பதே அதிகப் பயன் தரும். ஹென்றி வின் 1970-இல் வெளியிட்ட வழிமுறை, பரவற்படி உச்சமாக உள்ள புள்ளியை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செல்கிறது. ஏற்கெனவே உள்ள தரவை விரிவாக்குவதற்கென்றே டைக்ஸ்ட்ரா 1971-இல் ‘டெக்னோமெட்ரிக்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார். மிட்செல் 1974-இல் வெளியிட்ட ‘டெட்மேக்ஸ்’ வழிமுறை புள்ளிகளைச் சேர்ப்பதோடு நீக்கவும் செய்தது. மேயரும் நாக்ட்ஷைமும் 1995-இல் தந்த ஆயப் பரிமாற்ற முறை, காரணிகள் மிகுந்த சோதனைகளுக்கும் புள்ளித் தேர்வை எளிதாக்கியது.

எங்கே சேர்ப்பது?

இரு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் -1, +1 என இரு நிலைகள், நான்கு மூலை ஓட்டங்கள் என்று கொள்வோம். மாறிலியும் இரு முதன்மை விளைவுகளும் மட்டும் உள்ள மாதிரிக்கு அணிக்கோவை 64. ஐந்தாவது ஓட்டத்தை மூலையில் வைத்தால் 112 ஆகிறது. மையத்தில் வைத்தால் 80 மட்டுமே. டி-உகப்பு மூலையையே தேர்ந்தெடுக்கும். ஆனால் விளைவில் வளைவு உள்ளதா என்பதை மூலை ஓட்டங்களால் அறிய முடியாது. மைய ஓட்டங்களின் சராசரி மூலைகளின் சராசரியிலிருந்து விலகுவதே வளைவுக்குச் சான்று. மையத்திலேயே சில ஓட்டங்களைத் திரும்ப நடத்தினால், மாதிரியைச் சாராத தூய பிழையின் அளவும் கிடைக்கும். எந்தக் காரணி வளைவை உண்டாக்குகிறது என்று பிரித்தறிய அச்சுப் புள்ளிகள் வேண்டும்.

மூலப்பொருளோ கருவியோ சூழலோ இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால், பழைய ஓட்டங்களையும் புதியவற்றையும் தனித்தனித் தொகுதிகளாகக் கருதி, தொகுதி விளைவை மாதிரியில் சேர்ப்பது முறை. அனுமானித்த மாதிரியையே முழுமையாக நம்பியிருக்கும் குறையைத் தணிக்க, டுமூஷெலும் ஜோன்ஸும் 1994-இல் பேயீசிய முறையில் டி-உகப்பைத் திருத்தியமைத்தனர்.

அளவுகோல் காட்டும் புள்ளி, மாதிரி சரியானது என்ற நிபந்தனைக்கு உட்பட்டே சிறந்தது. எனவே கூடுதல் ஓட்டங்களில் ஒரு பங்கையேனும் மாதிரியைச் சோதிப்பதற்கு ஒதுக்குவதே சோதனையாளருக்கு உறுதியான வழி.